ரவுன்ஹவுஸ் வாங்குவதும் குடியிருப்பதும்: ஸ்காபரோ, மார்க்கம், அஜக்ஸ் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலியாண வீடோ கோயில் வாசலோ, நாலு பேர் கூடினால் வீட்டுக் கதை வந்துவிடுகிறது. தனி வீட்டு விலை கைக்கு எட்டாமல் போன பிறகு அந்தக் கதை பெரும்பாலும் ரவுன்ஹவுஸில்தான் (townhouse, வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடு) போய் நிற்கிறது. ரவுன்ஹவுஸில் குடியிருக்கிறவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள், ஒரே கேள்விகள், ஆட்கள்தான் வேறு. அதனால் எழுதி வைத்துவிட்டேன். நான் ஏஜன்டும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்த மாதிரியே விட்டிருக்கிறேன். சொல்லியிருப்பது எல்லாம் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக்கு உரியது (ஸ்காபரோ ரொறன்ரோ நகரத்துக்குள் அடங்கும், மார்க்கமும் அஜக்ஸும் அதற்கு வெளியே), தொகைகளும் விதிகளும் மாறக்கூடியவை, கையெழுத்து வைக்க முன்னர் உங்கள் சட்டத்தரணியிடம் ஒருமுறை சரிபாருங்கள்.

ரவுன்ஹவுஸ் எண்டா செமி மாதிரித்தானே? ஏன் விலை குறைவு?

செமி என்றால் இரண்டு வீடு ஒட்டிக் கட்டியது, அதில் ஒரு பக்கச் சுவர் மட்டும்தான் பொது. ரவுன்ஹவுஸில் நாலு, ஆறு, எட்டு வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும், நடுவில் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் பொதுச் சுவர். விலை குறைவதற்கு முக்கிய காரணம் நிலம், முன்பக்கம் ஒடுக்கம், பின்வளவு சின்னது.

நிலம் ஒடுங்கினால் வீடு மேலே போகும். புதிதாகக் கட்டுகிற மூன்று தட்டு வீடுகளில் கீழே கராஜும் ஒரு அறையும், அதற்கு மேலே சமையலறை, அதற்கும் மேலே படுக்கையறைகள். அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு தட்டு ஏறித்தான் குசினிக்குப் போக வேண்டும். முழங்கால் வருத்தம் உள்ள அம்மா அப்பா கூட இருக்கப் போகிறார்கள் என்றால் வீடு பார்க்கப் போகும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போய் அந்தப் படியில் ஏற விடுங்கள், அவர்களின் முகத்திலேயே பதில் தெரியும்.

ஃபிரீஹோல்ட், கொண்டோ, பொட்டில் எண்டு மூண்டு விதம் சொல்லுறாங்கள். வெளியில பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கே?

ஒரே மாதிரித்தான் இருக்கும், அதுதான் சிக்கல். பலர் குசினிக் கல்லையும் நிலத்து மரத்தையும் பார்த்து மனதைக் கொடுத்துவிட்டு, தாங்கள் எதை வாங்குகிறோம் என்பதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். கூரை ஒழுகினால் யார் காசு கொடுப்பது, பனியை யார் தள்ளுவது, பின்வளவில் கத்தரி நடலாமா, பேஸ்மன்றை (நிலத்துக்குக் கீழே உள்ள தட்டு) வாடகைக்கு விடலாமா, இது எல்லாவற்றையும் முடிவு செய்வது இந்த ஒரு விஷயம். அதனால் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்.

ஃபிரீஹோல்ட் என்றால் வீடும் அதன் கீழுள்ள நிலமும் உங்களுடையது, மாதக் கட்டணம் இல்லை, கூரை, யன்னல், டிரைவ்வே எல்லாம் உங்கள் பொறுப்பு. கொண்டோ ரவுன்ஹவுஸ் என்றால் பார்வைக்குத்தான் வீடு, சட்டத்தில் அது மாடிக் கட்டடத்தில் உள்ள ஒரு யூனிட்டுக்குச் சமம். பெரும்பாலும் உட்பக்கம் உங்களுடையது, கூரையும் வெளிச்சுவரும் தெருவும் கோர்ப்பரேஷனுடையது (வளாகத்து வீட்டுக்காரர் எல்லோரும் சேர்ந்த அமைப்பு), பின்வளவு கூட நீங்கள் மட்டும் பாவிக்கலாம் என்று கொடுத்த பொது இடமாக இருக்கலாம். கோடு எங்கே விழுகிறது என்பது ஒவ்வொரு வளாகத்தின் பத்திரத்திலும் எழுதியிருக்கும், இடத்துக்கு இடம் மாறும். மல்வேர்ன், மோர்னிங்சைட் பக்கத்துப் பழைய ரவுன்ஹவுஸ் வளாகங்கள் பல இந்த வகை.

மூன்றாவது, பி.ஓ.டி.எல்., ஏஜன்ட்மார் 'பொட்டில்' என்பார்கள். வீடும் நிலமும் ஃபிரீஹோல்ட், ஆனால் உள்தெரு, விருந்தினர் கார் நிறுத்தும் இடம், விளக்கு, சில இடங்களில் குப்பை எடுப்பது எல்லாம் ஒரு சின்னக் கொண்டோ கோர்ப்பரேஷனுக்குச் சொந்தம், அதில் உங்களுக்கும் ஒரு பங்கு. அந்தப் பங்கை வீட்டிலிருந்து பிரித்து விற்க முடியாது. மாதக் கட்டணம் கொண்டோவை விடக் குறைவாக இருக்கும். விளம்பரத்தில் பெரிதாக ஃபிரீஹோல்ட் என்று போட்டுவிட்டு இதை அடியில் ஒரு வரியில் ஒளித்து வைப்பார்கள், அடியையும் வாசியுங்கள்.

மெயின்ரனன்ஸ் காசு மாசம் மாசம் கட்டுறது வீண் காசுதானே?

ஃபிரீஹோல்ட்காரருக்கும் கூரை பழுதாகும், அவருக்கு அந்தச் செலவு ஒரே நாளில் வரும், உங்களுக்கு மாதம் மாதம் வரும். ஆனால் வங்கி அதை வேறு மாதிரிப் பார்க்கும், கொண்டோக் கட்டணத்தில் பாதியை உங்கள் மாதச் செலவோடு சேர்த்துக் கணக்குப் போடுவதால் கிடைக்கிற கடன் குறையும்.

கட்டணம் மிகக் குறைவாக இருந்தால் சந்தோசப்படாதீர்கள், எனக்கு அதுதான் அதிகம் பயம் தருகிறது. வருங்காலத் திருத்த வேலைகளுக்கு என்று கோர்ப்பரேஷன் சேர்த்து வைக்கும் ரிசேர்வ் நிதியில் காசு இல்லாமல், வீடு விற்க வசதியாகக் கட்டணத்தை அமுக்கி வைத்திருக்கலாம். பிறகு எல்லாக் கூரையும் ஒரே காலத்தில் மாற்ற வேண்டி வரும்போது வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு விசேஷ அறவீடு வந்து விழும். கட்ட மாட்டேன் என்று சொல்ல முடியாது, கட்டாவிட்டால் வீட்டின் மேல் உரிமை பதிவார்கள், அந்தப் பதிவு மோட்கேஜுக்கே (வங்கியின் வீட்டுக் கடனுக்கே) முன்னால் நிற்கும்.

பக்கத்து வீட்டுச் சத்தம் கேக்குமோ?

கேட்கும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. இடையில் கொங்கிறீட் கல் சுவர் இருந்தால் பேச்சுச் சத்தம் அநேகமாக வராது, மரச் சட்டச் சுவர் என்றால் சரியாகக் கட்டினால் ஒழிய தொலைக்காட்சிச் சத்தம் வரை வரும். ஆனால் எந்தச் சுவரானாலும் பிள்ளைகள் படியில் தடதடவென்று ஓடுவதும் அலுமாரிக் கதவை அடிப்பதும் கேட்கும், ஏனென்றால் அது காற்றில் வருவதில்லை, கட்டடத்துக்குள்ளால் வருகிறது.

வீடு பார்க்கப் போனால் படி எந்தச் சுவரோடு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களின் படி என்றால் நித்திரை போகும், படியும் படியும் ஒட்டியிருந்தால் நல்லது. மாலையில் அக்கம்பக்கத்தார் வீட்டில் இருக்கிற நேரம் போய், ஏஜன்டைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள்.

நடு வீடோ, கரை வீடோ?

கரை வீட்டில் ஒரு பக்கம் யன்னல், வெளிச்சம், பின்வளவுக்குப் போக நேர் வழி. விலை கூட, குளிரில் ஒரு சுவர் அதிகமாக வெளியே தெரிவதால் சூடேற்றும் செலவும் கொஞ்சம் கூட. 

நடு வீட்டில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கராஜுக்குள்ளால் பின்பக்கம் போக வழி இல்லையென்றால் புல் வெட்டும் இயந்திரத்தை வரவேற்பறைக்குள்ளால்தான் கொண்டுபோக வேண்டும். இதற்காகவே சில ஃபிரீஹோல்ட் வரிசைகளில் பின்வளவுகளின் ஓரமாக ஒரு நடைவழி உரிமை பதிந்திருக்கும். அப்படியென்றால் உங்கள் வளவுக்குள்ளால் அயலவர் நடந்து போகலாம், அதை மறித்து வேலி போட முடியாது. எங்கள் ஆட்கள் வேலி விஷயத்தில் எப்படி என்று சொல்லத் தேவையில்லை, வாங்க முன்னரே சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள்.

அமைதியான தெரு எண்டு விளம்பரத்தில கிடக்கு. நம்பலாமோ?

விளம்பரத்தில் சத்தமான தெரு என்று யாரும் போட்டதாக நான் பார்க்கவில்லை. ஞாயிறு பின்னேரம் இரண்டு மணிக்குத்தான் வீடு காட்டுவார்கள், அந்த நேரம் எந்தத் தெருவும் அமைதிதான். வேலைநாள் காலை எட்டரைக்குப் போங்கள், பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகளை இறக்க வரும் கார்கள் டிரைவ்வேயையே மறிக்கும். இரவு பதினொரு மணிக்குப் போங்கள், 401 அல்லது 407 பெருவீதி இரைச்சல் பகலில் தெரியாது, இரவில் தெரியும். பஸ் தரிப்பிடம் எவ்வளவு தூரம், பக்கத்தில் வெறுங்காணி இருந்தால் அதில் என்ன கட்டப்போகிறார்கள் என்பதையும் பாருங்கள், திட்ட விண்ணப்பங்களை மாநகரசபையின் இணையத்தளத்தில் தேடலாம்.

அமைதிக்கு இன்னொரு விலையும் உண்டு, அமைதியான தெருவுக்குப் பஸ் அநேகமாகக் கிட்ட வராது. ஸ்காபரோவின் மூன்றாம் இலக்க ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டு அத்தோடு மூடப்பட்டது, அதன் பிறகு அந்தப் பக்கம் பஸ்தான் கதி. வீட்டில் கார் ஓடாதவர் ஒருவர் இருந்தால் அவர் எப்படி வேலைக்குப் போவார் என்று ஒருநாள் போய்ப் பாருங்கள், அதுவும் ஜனவரியில்.

எங்கட வீட்டில கார் மூண்டு. எங்க விடுறது?

ஒன்று கராஜில், ஒன்று டிரைவ்வேயில், மூன்றாவதுக்கு இடமில்லை. இதுதான் பெரும்பாலான ரவுன்ஹவுஸ்களின் உண்மை. அந்தக் கராஜிலும் பாதி இடத்தில் பழைய சைக்கிளும் விழாக் காலத்துப் பெரிய சட்டிகளும் நிற்கும்.

ரொறன்ரோவில் பலகை எதுவும் இல்லாத தெருவிலும் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் காரை விட முடியாது. பிரம்ரனில் இரவு 2 மணியிலிருந்து காலை 6 மணி வரை தெருவில் விடவே கூடாது. கொண்டோவிலும் பொட்டிலிலும் விருந்தினர் இடம் விருந்தினருக்குத்தான், குடியிருப்பவர் விட்டால் தண்டச் சீட்டு, சில வளாகங்களில் இழுத்துக்கொண்டே போய்விடுவார்கள். வளாகத்துச் சண்டைகளில் பாதி கார் நிறுத்துவதில்தான் தொடங்குகிறது என்பது என் அபிப்பிராயம்.

ஸ்னோ ஆர் தள்ளுறது?

கொண்டோவில் உள்தெருவைக் கோர்ப்பரேஷனின் ஆட்கள் வந்து தள்ளுவார்கள், உங்கள் டிரைவ்வேயும் அதில் அடங்குமா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பொட்டிலில் உள்தெரு அவர்களுடையது, டிரைவ்வே உங்களுடையது. ஃபிரீஹோல்ட்டில் டிரைவ்வே முழுக்க நீங்கள்தான், பல இடங்களில் தெருவைத் தள்ளிக்கொண்டு போகிற வண்டி உங்கள் வாசலில் குவித்துவிட்டுப் போகிற கட்டிப் பனியும் சேர்த்து.

தள்ளின பனியை எங்கே போடுவது என்று ஒருவரும் யோசிப்பதில்லை. ரவுன்ஹவுஸில் இரண்டு டிரைவ்வேக்கு நடுவில் ஒரு முழ அகலப் புல்தான் இருக்கும், பெப்ரவரியில் அது தோளுயரம் வந்துவிடும், அயலவரின் பக்கம் தள்ளினால் மார்ச் வரை கதைக்க மாட்டார்.

மொத்தமா எவ்வளவு காசு கையில இருக்க வேணும்?

ஒரு உதாரணத்துக்கு விலை 800,000 டொலர் என்று வைப்போம். ஆகக் குறைந்த முற்பணம் முதல் 500,000க்கு 5 சதவீதம், மிச்சத்துக்கு 10 சதவீதம், ஆக 25,000உம் 30,000உம் சேர்த்து 55,000. இருபது சதவீதத்துக்குக் குறைய வைத்தால் மோட்கேஜ் காப்புறுதி கட்டாயம், இந்தக் கணக்கில் கடன் 745,000இல் 4 சதவீதம், 29,800 டொலர். அது கடனோடு சேர்ந்துவிடும், ஆனால் அதற்கு உரிய 8 சதவீத மாகாண வரி 2,384 டொலரைக் கையில் இருந்துதான் கட்ட வேண்டும், பலருக்கு இது கடைசிக் கிழமையில்தான் தெரியவருகிறது. இந்தக் குறைந்த முற்பணம் 1.5 மில்லியனுக்குக் குறைந்த வீடுகளுக்கு மட்டும், 2024 டிசம்பர் 15 வரை அந்த எல்லை ஒரு மில்லியனாக இருந்தது.

அடுத்தது காணி மாற்ற வரி. 800,000க்கு மாகாண வரி 12,475 டொலர். ரொறன்ரோ எல்லைக்குள் வாங்கினால் மாநகரசபைக்கும் அதே 12,475 இன்னொரு தடவை. ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கே ரொறன்ரோ, வடக்கே மார்க்கம், ஒரு வீதியைக் கடந்தால் இந்த இரண்டாவது வரி இல்லை. முதல் முறை வாங்குபவருக்கு மாகாணம் 4,000 வரையும் ரொறன்ரோ 4,475 வரையும் திருப்பித் தரும், அப்படிப் பார்த்தால் ரொறன்ரோவில் 16,475, மார்க்கத்திலோ அஜக்ஸிலோ 8,475. அதற்காக அஜக்ஸ் மலிவு என்று ஓடாதீர்கள், அங்கே வருடா வருடம் கட்டுகிற சொத்து வரி வீதம் ரொறன்ரோவை விட அதிகம்.

இதற்கு மேல் சட்டத்தரணி, உரிமைக் காப்புறுதி, வீட்டுப் பரிசோதனை, வீடு மாறும் செலவு. இன்னும் ஒன்று, வங்கி உங்களுக்குத் தரும் வட்டியில் கணக்குப் பார்க்காது, அதற்கு மேல் 2 சதவீதம், அல்லது 5.25, எது கூடவோ அதில் கட்ட முடியுமா என்று பார்க்கும்.

சீட்டு எடுத்த காசை முற்பணமா காட்டலாமோ?

வங்கி பொதுவாகக் கடைசி 90 நாள் கணக்குகளைக் கேட்கும், அதற்குள் ஒரு பெரிய தொகை திடீரென்று வந்து விழுந்தால் எங்கிருந்து என்று கேட்கும். சீட்டு என்று சொன்னால் அதற்குக் கடதாசி இல்லை. அம்மா அப்பா, சகோதரங்கள் தந்தது என்றால் திருப்பித் தரத் தேவையில்லை என்று அவர்கள் எழுதிக் கையெழுத்து வைத்த கடிதம் வேண்டும். உண்மையில் கடனாக வாங்கிவிட்டு அன்பளிப்பு என்று எழுதுவது வங்கிக்குப் பொய் சொல்வது, அதைச் செய்யாதீர்கள்.

காலம் இருக்கிறது என்றால் முதல் வீட்டுக்கான சேமிப்புக் கணக்கை, எஃப்.எச்.எஸ்.ஏ. என்பார்கள், இப்போதே திறவுங்கள். வருடத்துக்கு 8,000, மொத்தம் 40,000 வரை போடலாம், போடும் தொகை வரி போடுகிற வருமானத்தில் இருந்து கழியும், வீட்டுக்காக எடுக்கும்போதும் வரி இல்லை. ஓய்வுகாலச் சேமிப்பான ஆர்.ஆர்.எஸ்.பி.யில் இருந்தும் ஆளுக்கு 60,000 வரை எடுக்கலாம், ஆனால் அதைப் பிறகு திருப்பிப் போட வேண்டும்.

ஊரில அம்மா என்ர பேரில வீடு எழுதி வச்சிருக்கிறா. நான் முதல் முறை வாங்குற ஆள்தானே?

காணி மாற்ற வரிச் சலுகைக்கு இல்லை. மாகாண விதி உலகத்தில் எங்கேயும் வீட்டில் பங்கு இருந்திருக்கக் கூடாது என்கிறது, யாழ்ப்பாணமோ கொழும்போ, விலைக்கு வாங்கினதோ சீதனமாக எழுதினதோ, வேறுபாடு இல்லை. வெறுங்காணி வேறு, வீடு இருந்தால்தான் பிரச்சினை. கணவன் அல்லது மனைவிக்கு, உங்களைக் கலியாணம் செய்திருந்த காலத்தில் வீடு சொந்தமாக இருந்திருந்தாலும் சலுகை போய்விடும். கனேடியப் பிரஜையாகவோ நிரந்தர வதிவிடக்காரராகவோ இருக்க வேண்டும், ஒன்பது மாதத்துக்குள் குடிபோகவும் வேண்டும்.

எஃப்.எச்.எஸ்.ஏ.யின் விதி இதுவல்ல. உங்களுக்கோ துணைக்கோ சொந்தமான வீட்டில் நீங்கள் இந்த வருடமும் முந்தைய நாலு வருடமும் குடியிருந்தீர்களா என்றுதான் அது பார்க்கிறது. ஆகவே ஊர் வீடு ஒன்றைத் தடுத்தாலும் மற்றதைத் தடுக்காமல் விடலாம். சட்டத்தரணியிடம் ஊர் வீட்டை மறைக்காதீர்கள், அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

லோன் காணாது எண்டுறாங்கள். அண்ணாவின்ர பேரையும் போடலாமோ?

போடலாம். ஆனால் அவரின் பெயர் உறுதியில் (வீட்டுப் பத்திரத்தில்) வந்தால் அந்தப் பங்குக்கு உங்கள் சலுகை கிடைக்காது, அவர் இனிமேல் தனக்கென்று வாங்கும்போது முதல் முறை வாங்குபவரும் இல்லை. அவர் அங்கே குடியிருக்காததால் விற்கும் காலத்தில் அவரின் பங்கு லாபத்துக்கு வரி வரும். பங்கைச் சிறிதாக, ஒரு சதவீதமாக எழுதுவது இங்கே வழக்கம்தான், வங்கி சம்மதிக்க வேண்டும், ஒழுங்காக எழுதிவைக்கவும் வேண்டும்.

உறுதியில் பெயர் இல்லாமல் கடனுக்கு மட்டும் பிணை நிற்கவும் சில வங்கிகள் விடும். அப்படியும் உங்கள் முழுக் கடனும் அவரின் தலையில் எழுதப்பட்டிருக்கும், நாளைக்கு அண்ணா தன் வீட்டுக்குக் கடன் கேட்கப் போனால் அது முதலில் வந்து நிற்கும். அண்ணிக்கும் தெரிந்து செய்யுங்கள்.

ஏஜன்ட் ஸ்டேட்டஸ் சேர்டிபிகேட் கண்டிஷன் வேண்டாம், வீடு போயிடும் எண்டுறார். விடலாமோ?

ஸ்டேட்டஸ் சேர்டிபிகேட் என்பது கோர்ப்பரேஷனின் நிலைமையைச் சொல்லும் கடதாசிக் கட்டு, கண்டிஷன் என்றால் அதைப் பார்த்துச் சரியென்றால்தான் வாங்குவேன் என்ற நிபந்தனை. கொண்டோ ரவுன்ஹவுஸுக்கு இதை விடாதீர்கள். கோர்ப்பரேஷனின் வரவுசெலவு, ரிசேர்வ் நிதி, காப்புறுதி, வழக்குகள், விசேஷ அறவீடு, விதிகள் எல்லாம் இந்த ஒரு கட்டுக்குள்தான் இருக்கின்றன. கட்டணம் 100 டொலருக்கு மேல் போகாது, கேட்டால் பத்து நாளுக்குள் தர வேண்டும். போட்டி அதிகம் என்றால் விற்பவர் முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கிறாரா என்று கேட்டு, விலை வைக்கிற இரவுக்கு முன்னரே சட்டத்தரணிக்கு அனுப்புங்கள். அப்போது கண்டிஷன் இல்லாமல் விலை வைத்தாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு வைக்கவில்லை. பொட்டிலுக்கும் இதே கடதாசி உண்டு, அதையும் கேளுங்கள்.

வாசிக்கும்போது நான் பார்ப்பது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய ரிசேர்வ் நிதி ஆய்வு எப்போது செய்யப்பட்டது, அது சேர்க்கச் சொன்ன தொகையை உண்மையில் சேர்க்கிறார்களா என்பது. பிறகு, காப்புறுதியின் கழிவுத் தொகை (காப்புறுதி தர முன்னர் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு) எவ்வளவு என்பது, உங்கள் வீட்டுக் குழாய் வெடித்து அடுத்த வீடு நனைந்தால் அந்தத் தொகை உங்களிடம் வரலாம்.

புதுசா பெயின்ட் அடிச்ச வீடு. இன்ஸ்பெக்சன் தேவையோ?

புதுசாகப் பெயின்ட் அடித்ததால்தான் தேவை. 1960களின் நடுப்பகுதி முதல் 70களின் கடைசி வரை கட்டிய வீட்டில் அலுமினிய மின்கம்பி இருக்கலாம், சில காப்புறுதி நிறுவனங்கள் மின்சாரப் பரிசோதனைக் கடதாசி இல்லாமல் எடுக்க மாட்டா. 1995க்கும் 2007க்கும் இடையில் கட்டியது என்றால் கைற்றெக் என்ற செம்மஞ்சள், நீல நிறத் தண்ணீர்க் குழாயைத் தேடுங்கள், அது வெடிக்கும் என்று பெயர் எடுத்தது, முழுக்க மாற்றுவதற்குச் சுவரை உடைக்க வேண்டும். பழைய வரிசைகளில் பொதுச் சுவர் பரணுக்குள்ளும் கூரை வரை போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், இடையில் நின்றுவிட்டால் சத்தமும் நெருப்பும் அந்த வழியால் வரும்.

சுடுதண்ணீர்த் தாங்கி வாடகைக்கு எடுத்ததா என்பதையும் கேளுங்கள், ஒன்ராறியோவில் பெரும்பாலும் வாடகைதான், ஒப்பந்தம் உங்கள் தலையில் வரும். ஏசி, ஃபர்னஸ் விற்கிறவர்கள் வீட்டின் மேல் உரிமை பதிந்து வைக்கும் பழக்கத்தை மாகாணம் 2024 ஜூனில் சட்டம் போட்டு நிறுத்தியது, ஆனால் வாடகை ஒப்பந்தம் அப்படியே இருக்கும்.

பேஸ்மன்றை வாடகைக்கு விட்டு மோட்கேஜ் கட்டலாம் எண்டு நினைக்கிறம்.

இரண்டாவது பதிலுக்குத் திரும்பிப் போங்கள். கொண்டோ என்றால் பல வளாகங்களின் பத்திரத்தில் ஒரு குடும்பம் மட்டும் என்று எழுதியிருக்கும், அதோடு கதை முடிந்தது. ஃபிரீஹோல்ட் என்றால் 2022இல் வந்த மாகாணச் சட்டத்துக்குப் பிறகு நகரப் பகுதிகளில் பெரும்பாலான குடியிருப்புக் காணிகளில் மூன்று யூனிட் வரை வைக்கலாம், ரவுன்ஹவுஸும் அதில் அடங்கும். வைக்கலாம் என்பதற்காக அனுமதி தேவையில்லை என்று அர்த்தமில்லை, கட்டட அனுமதி, நெருப்புத் தடுப்பு, தப்பிப் போக யன்னல் அல்லது வாசல் எல்லாம் வேண்டும்.

நடு வீட்டில் இது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள். பக்கவாசல் இல்லை. வாடகைக்கு இருப்பவர் உங்கள் முன்கதவாலோ கராஜாலோதான் வர வேண்டும், காருக்கு இடமில்லை, சமையல் மணம் மேலே வரும். வாடகை இல்லாமலே கட்டக் கூடிய மோட்கேஜ் என்றால் எடுங்கள், வாடகை வந்தால் மேலதிகம் என்று வையுங்கள். விடுவதானால் காப்புறுதிக்காரருக்கு அறிவியுங்கள், அறிவிக்காமல் நெருப்புப் பிடித்தால் அவர்கள் பணம் தர மறுக்கலாம்.

பில்டரிட்ட புது ரவுன்ஹவுஸ் வாங்கினா தொல்லை இல்லைத்தானே?

வேறு தொல்லை. பில்டருக்கு உரிமம் இருக்கிறதா, முந்தைய வேலைகள் எப்படி என்பதை ஒன்ராறியோவின் பில்டர் பதிவேட்டில் தேடலாம். புது வீட்டுக்கு ராறியோன் என்ற அமைப்பின் உத்தரவாதம் வரும், வேலைப்பாட்டுக் குறைகளுக்கு ஒரு வருடம், தண்ணீர் உட்புகுதல், மின்சாரம், குழாய், சூடேற்றிக்கு இரண்டு வருடம், பெரிய கட்டமைப்புக் குறைக்கு ஏழு வருடம். குறைகளை அதற்குரிய காலத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், பில்டரின் ஆள் வந்து பார்க்கிறேன் என்று வாயால் சொன்னது செல்லாது. கொண்டோ என்றால் கையெழுத்திட்ட பிறகும் பத்து நாளுக்குள் மனம் மாறலாம், அந்தப் பத்து நாளில் சட்டத்தரணி ஒப்பந்தத்தை முழுக்க வாசிக்கட்டும். மாநகரசபை அறவீடுகள் கூடினால் உங்களிடம் எவ்வளவு வரை வாங்கலாம் என்று ஒரு எல்லை எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

சொத்து வரியும் முதல் வருடம் ஏமாற்றும். வீட்டின் மதிப்பீடு முடியும் வரை வெறுங்காணிக்குத்தான் பில் வரும், பிறகு பின்னோக்கிக் கணக்குப் போட்டு ஒரே முறையில் கேட்பார்கள். அதற்கென்று மாதா மாதம் ஒதுக்கி வையுங்கள்.

மீன் பொரிச்சா பக்கத்து வீட்டார் முறைப்பாடு வைப்பினமோ? பின்னால கத்தரி, வெண்டி நடலாமோ?

மணத்துக்குச் சமையலறைக் காற்றாடி வெளியே ஊதுகிறதா, உள்ளேயே சுற்றுகிறதா என்று பாருங்கள், உள்ளே சுற்றுவது என்றால் பிரச்சினை உங்களுக்குத்தான் முதலில். கொண்டோவில் வெளிச்சுவரில் ஓட்டை போட அனுமதி வேண்டும். பலர் கராஜுக்குள் அடுப்பு வைத்துப் பொரிக்கிறார்கள், நெருப்புக்கும் நச்சுப் புகைக்கும் ஆபத்து, செய்யாதீர்கள்.

ஃபிரீஹோல்ட்டில் எதையும் நடலாம். கொண்டோவில் பின்வளவு பொது இடமாக இருந்தால் நிலத்தைக் கிண்டக் கேட்க வேண்டும், சாடிகளில் நட்டால் அநேகமாக ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கறிவேப்பிலையைச் சாடியில்தான் வைக்க வேண்டும், குளிருக்கு உள்ளே வர வேண்டுமே.

தெற்கு வாசல் வீடு. வாங்கலாமோ?

சாத்திரத்தை உங்கள் ஐயரிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது, தெற்குப் பார்த்த டிரைவ்வேயில் பனி வெயிலுக்கு உருகிவிடும், வடக்குப் பார்த்ததில் மார்ச் வரை ஐஸ்.

வீட்டில இப்ப வாடகைக்கு ஆக்கள் இருக்கினம். குளோசிங் அண்டைக்குப் போயிடுவினம் எண்டு விற்கிறவர் சொல்லுறார்.

வீடு கைமாறும் அந்த நாளில் போய்விடுவார்கள் என்று விற்பவர் சொன்னால் போதாது. மூன்று யூனிட்டுக்கு உட்பட்ட வீட்டில் நீங்களோ உங்கள் துணையோ பிள்ளையோ பெற்றோரோ குடிவரப் போவதாக இருந்தால்தான் விற்பவர் அறிவித்தல் கொடுக்க முடியும், 60 நாள், ஒரு மாத வாடகை நட்டஈட்டோடு. ஒப்பந்தக் காலம் முடியாமல் அதுவும் முடியாது. அவர்கள் போக மறுத்தால் வாடகை வழக்குகளைப் பார்க்கும் நடுவர் சபைக்குப் போக வேண்டும், அது மாதக்கணக்கில் இழுக்கும், உங்கள் மோட்கேஜோ குறித்த நாளில் தொடங்கிவிடும். வெறும் வீடாகக் கையளிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள், நாள் தவறினால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள்.

ஃபிரீஹோல்ட். என்ர பக்கம் கூரை ஒழுகுது, பக்கத்து வீட்டுக்காரர் இப்ப செய்ய மாட்டன் எண்டுறார். என்ன செய்யிறது?

மாதக் கட்டணம் இல்லாததன் மறுபக்கம் இதுதான், முடிவெடுக்கக் கோர்ப்பரேஷன் என்று ஒன்று இல்லை. உங்கள் பாதிக் கூரையை மாற்ற பொதுவாக அவரின் சம்மதம் தேவையில்லை. ஆனால் இரண்டு கூரையும் சந்திக்கிற இடத்தில் ஓட்டை விழாமல் இணைக்கத் தெரிந்த ஆளைப் பிடியுங்கள், ரவுன்ஹவுஸ் வேலை முன்னர் செய்தவரா என்று கேட்டு, அந்த இணைப்பை விலைப் பத்திரத்தில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் அவரின் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

அதற்கு முன்னர் ஒரு தடவை இரண்டு வீட்டுக்கும் சேர்த்து விலை கேட்டு, அந்தக் கடதாசியோடு அவரின் கதவைத் தட்டுங்கள். சேர்ந்து செய்தால் ஏணி, குப்பைத் தொட்டி, ஆள்கூலி எல்லாம் பகிரப்படுவதால் ஆளுக்குக் குறையும், அந்தத் தொகையைக் கண்ணால் கண்டதும் இந்த வருடம் வேண்டாம் என்றவர் வசந்த காலத்தில் செய்வோமா என்று கேட்கலாம். ஒழுக்கு அதுவரை பொறுக்காது என்றால் தார்ப்பாய் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள், உங்கள் பக்கத்தைச் செய்துவிடுங்கள்.